சுருக்கத்தோடு வாசல் தாண்டிய குழாய்

"…வளைச்சா உள்வழி மூடக்கூடாது, தம்பி. முழங்காலுக்குப் பின்னால போற குழாய். மூடினா ரத்தம் நிண்டுடும், காலும் போயிடும்."

எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில் குடியிருந்த சத்திரசிகிச்சை டொக்டர், என் வீட்டுக் கேற்றைப் பிடித்தபடி சொன்னார். யுத்த காலம். காலில் இரத்தக்குழாய் அறுந்து வருகிறவர்களுக்குச் செயற்கைக் குழாய் வைத்துத் தைக்க அவருடைய வார்டில் அவர் ஒருவர்தான். இளம் டொக்டர்மார் பழகுவதற்கென்று வெளிநாட்டுக் குழாயை வெட்டிக் கொடுக்க முடியாது, வருவதே கொஞ்சம்.

"நான் காய்ச்சலில படுத்தா, அண்டைக்கு வாறவன்ர காலை எடுக்கிறதுதான் வழி. பழகிறதுக்கு மட்டும் ஒண்டு பின்னித் தாருமன்."

நான் இரத்மலானையில் ரீசேட் உடுப்புத் தொழிற்சாலையொன்றில் பின்னல் மெசின் திருத்துகிறவன். கழற்றிக் கழற்றியே தொழில் பழகியவன். கழுத்துக் கயிறு பின்னும் சின்ன மெசினில் பொலியெஸ்டர் நூலைப் போட்டேன். சுண்டுவிரல் தடிப்பில் குழாய் வந்தது. வளைத்தால் உள்வழி மூடியது.

டொக்டர் காட்டிய வெளிநாட்டுத் துண்டில், மசுக்குட்டிப் புழுவின் உடம்பு போல வளையம் வளையமாக மடிப்பு இருந்தது; அதுதான் வளைத்தாலும் வழி மூடாமல் காத்தது. நானும் குழாயை இரும்புக் கம்பியில் ஏற்றி, மேலே நூல் சுற்றி, இரண்டு பக்கமும் நெருக்கினேன். மடிப்பு விழுந்தது. நூலை அவிழ்த்தால் மெல்ல மெல்லப் போய்விட்டது.

அப்படிப் போய்க்கொண்டிருந்த ஒன்றை அயன் மேசையில் விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். அயன் பண்ணுகிற பெண் அட்டன் பக்கத்துக்காரி. "சுருக்கத்தோட ஒரு சாமானும் என் வாசலைத் தாண்டாது" என்பது தொழிற்சாலை முழுக்கத் தெரிந்த அவளுடைய பேச்சு. திரும்பி வந்தால், என் குழாய் ரிபன் மாதிரித் தட்டையாகக் கிடக்கிறது.

"என்னாண்ணே முழிக்கிறீங்க? சுருங்கிக் கெடந்துச்சு, தேச்சு வச்சேன்."

"அது சுருங்கத்தான் வேணும், பிள்ளை."

"சுருக்குறதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே ஆளு நீங்கதாண்ணே."

இழுத்தேன், நனைத்தேன், உருட்டினேன். அவள் போட்ட மடிப்பு அசையவில்லை. அப்போதுதான் உறைத்தது: சூடு தட்டையைப் பிடித்து வைக்குமென்றால் வளையத்தையும் பிடித்து வைக்கும்தானே? கம்பியும் நூலும் இருக்கும்போதே இன்னொன்றை அயன் பண்ணச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டு நீராவியில் உருட்டி உருட்டித் தேய்த்தாள். ஆறவிட்டு நூலை அவிழ்த்தோம். வளையங்கள் அப்படியே நின்றன.

சனிக்கிழமை டொக்டர், தன்னிடம் பழகும் இளம் டொக்டர் பிள்ளையோடு எங்கள் தொழிற்சாலைக் கன்ரீனுக்கு வந்தார். குழாயைத் தன் முழங்கையைச் சுற்றி வளைத்து, ஒரு முனையைத் தண்ணீர்ப் பைப்பில் பிடித்தார். பக்கமெல்லாம் கசிந்தது. நான் பைப்பைப் பூட்டப் போனேன்; டொக்டர் தடுத்தார்.

"கசியட்டும். உண்மையானதும் கசியும்; ரத்தம் உறைஞ்சுதான் பின்னல் கண்ணெல்லாம் அடைபடும். அங்க பாரும்."

மறுமுனையில் தண்ணீர் தடையில்லாமல் கொட்டியது. கன்ரீனே கைதட்டியது.

"போகட்டும்," என்றாள் அயன்காரி. "என் வாசலைத் தாண்டுற மொதச் சுருக்கம்."

டொக்டர் கத்தரிக்கோல் கேட்டு வாங்கிக் குழாயை நடுவால் வெட்டினார். இரண்டு துண்டையும் ஒரு வளைந்த ஊசியையும் அந்த இளம் டொக்டர் பிள்ளையின் கையில் வைத்து, "நீர் தையும்" என்றுவிட்டு, தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.