குடிநீர்க் கட்டணத்துக்குக் கை தூக்கியவள்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அதனால்தான் கவுன்சிலர் ஆனேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். பென்னாகரம் பக்கம் ஒரு சின்னப் பேரூராட்சி எங்களுடையது. நான் மேட்டுத் தெரு வார்டு. பஸ் ஸ்டாண்டு அருகே இருந்த குடிநீர்த் தொட்டியின் தண்ணீர் எங்கள் மேட்டுக்கு ஏறாது. ஊருக்கெல்லாம் காவிரித் தண்ணீர் வரும், எங்கள் குழாயில் காற்று வரும். ஃப்ளோரைடு கலந்த போர்வெல் தண்ணீர் குடித்தே எங்கள் தெருப் பிள்ளைகளின் பல்லெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது.

இதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பொறுக்க முடியாமல் போனால் காலிக் குடங்களோடு ஒகேனக்கல் ரோட்டில் உட்கார்ந்துவிடுவோம். பஸ் நிற்கும், அதிகாரி வருவார், பின்னாலேயே தண்ணீர் லாரி வரும். குடம் நிரம்பியதும் எழுந்து வந்துவிடுவோம். யானைப் பசிக்குச் சோளப்பொரி! முதல் வரிசையில் உட்காருவது எங்கள் தெரு உச்சியில் இருக்கும் கடைசி வீட்டு அக்கா. "அழுவுற புள்ளதான்டி பால் குடிக்கும்" என்பாள்.

நான் கவுன்சிலரான பிறகு ஒரு திட்டம் வந்தது. எங்கள் தெருவுக்கு மேலே இருக்கும் சின்னக் குன்றான கரட்டில் புதுத் தொட்டி கட்டலாம். அரசு ஒரு பங்கு தரும். மீதியையும், மோட்டார் ஓடுகிற கரண்டுச் செலவையும் பேரூராட்சி தன் வருமானத்தில் காட்ட வேண்டும். எங்கள் பேரூராட்சியில் குடிநீர்க் கட்டணத்தை ஏற்றியே பல வருடம் ஆகியிருந்தது. ஓட்டு போய்விடுமே என்று யாரும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. கட்டணம் ஏறாவிட்டால் தொட்டி இல்லை, அவ்வளவுதான் கணக்கு.

எங்கள் மன்றக் கூட்டம் எப்படி நடக்கும் தெரியுமா? தீர்மானத்தை வாசிப்பார்கள், நாங்கள் மேசையைத் தட்டுவோம், போண்டா வந்துவிடும். அன்றைக்குக் கட்டணத் தீர்மானத்தை வாசித்ததும் ஒரு கையும் மேசையில் விழவில்லை. எல்லோரும் போண்டாத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து கையைத் தூக்கினேன்.

பஸ் ஸ்டாண்டு வார்டு கவுன்சிலர் சிரித்தார். "ஏம்மா, உங்க தெருவுக்குத் தண்ணியே வர்றதில்ல. நீங்க என்னாத்துக்குங்க ஏத்தச் சொல்றீங்க?"

"வராததாலதாங்க ஏத்தச் சொல்றேன். தொட்டி வர்ற வரைக்கும் காத்திருக்க மாட்டோம். ஊரு என்னைக்குக் கட்டுதோ, எங்க தெருவும் அன்னைக்கே கட்டும். தண்ணி வராத தெரு கட்டுறப்ப, தண்ணி வர்ற தெரு முடியாதுன்னு சொல்லுமா? நீங்களே சொல்லுங்க!"

 பேரூராட்சித் தலைவரம்மா மேசை தட்டலெல்லாம் வேண்டாம், கையைத் தூக்குங்கள் என்றார். ஒவ்வொரு கையாக மெல்ல எழுந்தது. தீர்மானம் நிறைவேறியது. பெருமை தாங்கவில்லை எனக்கு. அன்றைக்குப் போண்டாவைக்கூடத் தொடவில்லை.

தெருவுக்கு வந்தேன். எனக்கு முன்னால் சேதி வந்திருந்தது. கடைசி வீட்டு அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"காத்துக்குக் காசு கட்டச் சொல்ற, வெக்கமா இல்ல? உன்னய நம்பி ஓட்டுப் போட்டோம் பாரு, எங்களச் சொல்லணும்! ரோட்டுல ஒக்காந்திருந்தா நாளைக்கே லாரி வந்திருக்கும்."

"லாரி வரும், போயிடும்க்கா. எத்தன காலத்துக்குக் குடத்தத் தூக்கிட்டு ஓடுறது?"

"போடி! உன் மூஞ்சில முழிச்சாலே பாவம்."

அதோடு பேச்சு நின்றது. அவள் மட்டுமா? கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலை காலியாகக் கிடந்தது. ராத்திரி படுத்தால் ஒரே நினைப்புதான். தொட்டிக்கு அரசு ஒப்புதல் வராமல் போனால் இந்தத் தெருவில் எப்படித் தலை காட்டுவேன்? ஆனாலும் திட்டிக்கொண்டே எல்லோரும் கட்டணத்தைக் கட்டினார்கள். அக்காவும் கட்டினாள். மறியலுக்குப் போகாமல் போர் தண்ணீரைச் சுமந்தபடியே காத்திருந்தார்கள். என் தெரு அது. அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிமிர்கிறது.

ஒப்புதல் வந்தது. கரட்டில் தொட்டி எழுந்தது. திறந்துவிட்ட அன்று தண்ணீர் முதலில் மேல் வீடுகளுக்குத்தான் போனது. அக்கா வீட்டுக் குழாய் இருமியது, சீறியது, அப்புறம் கொட்டியது. அவள் ஒரு கை அள்ளிக் குடித்தாள். பேத்தியைக் கூப்பிட்டுக் குடிக்க வைத்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அழுதேன்.

மறுநாள் அவளே என் வீட்டு வாசலுக்கு வந்தாள். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"இங்க பாரு. தெருவுல சாக்கட இன்னும் கட்டல. அதுக்கு எவ்ளோ ஆவும், யாரு எவ்ளோ குடுக்கணும், அல்லாம் வெசாரிச்சிட்டேன். அடுத்த எலெக்சன்ல உன்னய எதுத்து நாந்தான் நிக்கப் போறேன்."

"நில்லுக்கா" என்றேன். "உனக்கு மொத ஓட்டு எங்க வூட்டுது."