துவைத்ததில் சுருங்கிய ராஜ்ஜியம்

பிரிண்டிங் யூனிட்டில் மெர்ச்சண்டைசர் என்பவர், துணி வாங்கும் பையருக்கும் ஓனருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர். இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எட்டு வருடம் ஆகிவிட்டது, இனி எதற்கும் அதிர மாட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். போன வருடம் வந்த ஒரு ஆர்டர் என்னை உலுக்கி எடுத்துவிட்டது.

சட்டை இல்லாத ஆர்டர்

எங்கள் யூனிட் பனியன் நகரத்து அனுப்பர்பாளையத்தில் இருக்கிறது. பிரிண்டிங்கில் பதிமூன்று பேர். ஆறு மாதமாக வேலையே இல்லை. அடுத்த ஆர்டர் வராவிட்டால் பிரிண்டிங்கை மூடிவிடுவதாக ஓனர் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் வெளிநாட்டு பையர் ஒருவரிடமிருந்து மெயில் வந்தது. பனியன் துணியில் வரைபடம் அச்சடித்துத் தர வேண்டுமாம், மேசையில் விரித்து விளையாட. பழைய காலத்து ராஜ்ஜியங்கள் இரண்டு. ஒன்றுக்குச் சிவப்பு ராஜா, இன்னொன்றுக்குக் கறுப்பு ராஜா. கும்பிடும் சாமி ஒன்றுதான், கும்பிடும் முறைதான் வேறு. அதற்காக நடுவில் உள்ள புனித நகரத்தைப் பிடிக்க இரண்டு பேரும் கோட்டை கோட்டையாக எரிக்கிறார்கள்.

ஓனரிடம் இதையெல்லாம் விளக்கி முடித்தேன். திறந்த வாய் மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தவர் சொன்னார்:

“ஏனுங்க அம்மிணி, சாமிக்காக அடிச்சுக்கறதை மேசை போட்டு உக்காந்து வேற வெளையாடறாங்களாங்க?”

செல்வராணியின் இன்னொரு முகம்

முதல் சாம்பிளை பிரிண்டர் ஜெபராஜ் அழகாகப் போட்டுவிட்டார். போட்டோ எடுத்து பையருக்கு அனுப்பினேன். அவர் அனுப்பியிருந்த காய்களை வைத்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் விளையாடியும் பார்த்தோம். தூரத்தை அளக்க ஒரு மரக்குச்சி. ஒரு முறைக்கு ஒரு குச்சி தூரம் படை நகரலாம். இரண்டு தலைநகரிலிருந்தும் புனித நகரம் சரியாகப் பத்துக் குச்சி.

ஜெபராஜ் சிவப்பு ராஜா, துணியில் குறை பார்க்கும் செக்கிங் செல்வராணி கறுப்பு. இரண்டு பேருக்கும் திருநெல்வேலிப் பக்கம். தீபாவளிக்கு முறுக்கு ஜெபராஜ் வீட்டுக்குப் போகும், கிறிஸ்மஸுக்கு கேக் செல்வராணி வீட்டுக்கு வரும். செல்வராணி குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அப்படிப்பட்டவர் ஜெபராஜின் மூன்று கோட்டைகளைக் கொளுத்தி, துறவிகள் இருந்த மடத்தையும் வளைத்துக்கொண்டார். ஜெபராஜுக்கு முகமே செத்துவிட்டது. மடத்தையாவது விட்டுவிடக் கூடாதா என்று செல்வராணியிடம் கேட்டேன்.

“போருன்னு வந்தபொறவு பாவ புண்ணியம் பாக்க முடியுமா மேடம்? மடத்தக் காலி பண்ணச் சொல்லுங்க.”

நடந்து போன கோட்டை

துணியைத் துவைத்துப் பார்க்காமல் அனுப்பக் கூடாது என்பது நம் தொழிலின் பால பாடம். சாம்பிளைத் துவைத்து, காயவைத்து, விரித்து, குச்சியால் அளந்தேன். தூக்கிவாரிப் போட்டது. துணி நீளவாக்கில் சுருங்கியிருந்தது. வடக்கே இருந்த சிவப்பு ராஜாவுக்குப் புனித நகரம் இப்போது ஒன்பதே குச்சி. கிழக்கே இருந்த கறுப்பு ராஜாவுக்கு அதே பத்து. சிவப்பு ராஜா சண்டையே போடாமல் முதலில் போய் உட்கார்ந்துகொள்வார். பதிமூன்று பேர் பிழைப்பு இதில் தொங்கிக்கொண்டிருந்தது. ஜெபராஜைக் கூப்பிட்டுக் காட்டினேன். மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“நான் போட்ட எடத்துலதான் மேடம் போட்டேன். கோட்ட நடந்து போச்சுன்னா நான் என்ன செய்ய?”

வீடியோ காலில் ஒரு கேள்வி

விடுவேனா? வடக்குத் தூரத்தை மட்டும் நீட்டி, அச்சடிக்கும் ஸ்கிரீனைப் புதிதாகச் செய்யச் சொன்னேன். துவைத்தால் சரியாகப் பத்தில் வந்து நிற்கும் என்று கணக்குப் போட்டு, புதுச் சாம்பிளைத் துவைக்காமல் பெருமையோடு கூரியரில் அனுப்பினேன். வீடியோ காலில் பையர் அளந்து பார்த்தார். வடக்கே பதினொரு குச்சி என்றார். என் முதுகுக்குப் பின்னால் பிரிண்டிங் ஆட்களெல்லாம் நின்றிருந்தார்கள், ஓனரும்தான். துவைத்தால் சரியாகிவிடும் சார் என்றேன்.

அவர் அசையவில்லை. நெட் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை. திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதல் போட்டோவில் இருந்தபடியே போடுங்கள், ஆர்டர் உங்களுக்குத்தான் என்றார். பின்னால் செல்வராணி அழுவது கேட்டது. போனை வைப்பதற்கு முன் பையர் ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் தருகிறேன்:

“எல்லாம் சரி மேடம், வரைபடத்தை யார் துவைப்பார்கள்?”

உலகத்துக்கே உடுத்திவிடும் ஊரில் இருந்துகொண்டு, துவைக்கவே வேண்டாத துணி என்று ஒன்று உண்டு என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.