கரடி முடி கேட்டு வந்தவர்கள்

திருமானூர்ப் பக்கம் கொள்ளிடத்துத் தண்ணீரில் வளர்ந்த என்னைப் பச்சைமலை அடிவாரத்து வனக்காவலருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பெரம்பலூருக்குப் போக எப்போதாவது ஒரு பஸ். இதுதான் ஜெயில் என்று புலம்பிக்கொண்டிருந்தேன். கரடிக்குட்டி வந்த பிறகுதான் ஜெயில் எது என்று தெரிந்தது.

தாய்க்கரடி சோளக்கொல்லையில், சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றில் விழுந்து செத்துவிட்டது. மேட்டில் நின்று கத்திய குட்டியை என் வீட்டுக்காரர் தூக்கிவந்து, குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த குடோனில் விட்டார். ரேஞ்சர் என்னிடம் சொன்னார்: "நீ ஒருத்திதான் பால் குடுக்கணும்மா. சாக்கப் போத்திக்கிட்டு உள்ள போ. வாயே தொறக்கக் கூடாது. மனுசங்களோட பழகிடுச்சுன்னா காட்டுல விட முடியாது, ஆயுசுக்கும் கூண்டுதான்."

வாயாடி என்று பேர் வாங்கியவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். ஜன்னலை அடைத்த இருட்டில், தலையோடு சாக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பால் குடித்துவிட்டு அது என் மடியில் ஏறிச் சாக்கைச் சப்பும். "சாமி, தங்கம்" என்று தொண்டை வரைக்கும் வரும். விழுங்கிக்கொள்வேன்.

வெளியே பெண்கள் கதவைத் தட்டுவார்கள். பயந்த பிள்ளைக்குக் கரடி முடியைத் தாயத்தில் அடைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். "ஒரே ஒரு முடி, புடுங்கிக் குடு ஆயி" என்பார்கள். சிவபூசையில் கரடி நுழைந்த மாதிரி என்று சொல்கிறோம். இங்கே கரடி பேசாமல்தான் கிடந்தது, நுழையப் பார்த்ததெல்லாம் மனிதர்கள். அவர்களுக்குப் பயந்து உள்ளிருந்தே தாழ் போட்டுக்கொள்வேன். மூச்சு முட்டும்.

குட்டி ஓரளவு வளர்ந்த சமயத்தில் நான் காய்ச்சலில் படுத்துவிட்டேன். வீட்டுக்காரர் இளகிய மனசுக்காரர். கதவைத் திறந்து, குட்டியை அமுக்கிப் பிடித்து, வந்தவர்களுக்கெல்லாம் முடி பிடுங்கிக் கொடுத்திருக்கிறார். அதன் அலறல் கேட்டு எழுந்து ஓடினேன்.

"பச்சப் புள்ளைங்களுக்குக் கேக்குறாங்க, எப்படி இல்லன்னு சொல்றது?" என்றார்.

"இதுவும் பச்சப் புள்ளதான்யா!" என்று கத்தினேன். இத்தனை பேர் தொட்டாயிற்று, இனி இதற்குக் கூண்டுதான் என்று நினைத்தேன்.

மறுவருஷம் மலைமேல் கொண்டுபோய்க் கூண்டைத் திறந்தார்கள். ரேஞ்சர் கடைசியாகச் சோதித்துப் பார்க்க நினைத்தார். சாக்கு இல்லாமல் என்னை நிற்கவைத்து, வாழைப்பழத்தைக் கையில் கொடுத்து, "கூப்பிடும்மா" என்றார். வந்தால் கூண்டு, வராவிட்டால் காடு.

"வாடா சாமி" என்றேன். அதனிடம் நான் பேசிய முதல் வார்த்தை. மனதுக்குள் வராதே, வராதே என்று வேண்டிக்கொண்டேன். அது என் கையைப் பார்த்தது. பிடுங்குகிற கைகளைத்தானே அதற்குத் தெரியும். முடி சிலிர்க்க உறுமிவிட்டுப் புதருக்குள் ஓடிவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அழுகை முட்டியது. ஜீப்பில் கிடந்த சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தால் மடிக்கே வந்திருக்கும்.

மறுநாள் ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முடி கேட்டு வந்தாள். நான் போர்த்தியிருந்த சாக்கு முழுக்க அதன் முடிதான் ஒட்டியிருந்தது.

"எல்லாம் போயிருச்சுக்கா" என்று சொல்லிவிட்டு, குடோனுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். சாக்கைத் தலையோடு மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.