முடிச்சு சார் ஏற்றாமல் விட்டது

டயர் கடை மாடியில் இருந்த அந்த மென்பொருள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் முடிச்சு சார். மற்றவர்கள் தாங்கள் எழுதிய நிரல்களைப் பேக்கேஜாகக் கட்டிப் பொதுச் சர்வரில் ஏற்றி, அங்கிருந்து எடுத்துப் பயன்படுத்துவார்கள். அவரோ தன் கணினியிலுள்ள ஃபோல்டரையே திட்டத்தோடு லிங்க் போட்டு முடிச்சுப்போல இணைத்துக்கொள்வார்; பெயர் வந்தது அதனால்தான். இங்கே ஓர் எழுத்தை மாற்றினால் அங்கே உடனே தெரியும். வேலை முடிந்ததும் லிங்க்கை எடுத்துவிட்டுப் பேக்கேஜை ஏற்ற வேண்டும். அதற்குத்தான் அவருக்கு மனசே வராது.

"சார், உங்க பேக்கேஜ் எப்பதான் வெளியுலகத்தைப் பார்க்கும்?"

"இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குப்பா."

போன வாரம் மாரடைப்பில் போய்விட்டார்.

கணினியைத் திருப்பிக் கொடுக்க மகள் வந்தாள். அவளும் இதே தொழில்தான். அப்பாவின் மேலாளரான பெண்மணி கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரி காத்திருப்பு அறைத் திரைம்மா. நீளமான பேர் எல்லாம் பாதியில வெட்டுப்படுது. அப்பா சரிபண்ணி எங்களுக்குக் காட்டினாரு. இப்ப எங்க கம்ப்யூட்டர் எதுலயும் வரல. நாளைக்கு அவங்களுக்குக் கொடுக்கணும்."

மகள் அப்பாவின் கணினியைத் திறந்தாள். பேக்கேஜின் ஃபோல்டர் படத்தில் சின்ன அம்புக்குறி.

"இது லிங்க் அக்கா. சரிபண்ணது இதுக்குள்ள மட்டும்தான் இருக்கு. சர்வர்ல இருக்கறது பழசு."

"அடக் கடவுளே! இந்தக் கம்ப்யூட்டரைச் சாயங்காலம் முழுசா அழிக்கச் சொல்லியிருந்தேனே."

மகள் அந்தத் திரைக்கான நிரலை ஓட்டிப் பார்த்தாள். சோதனைக்கு அவர் கொடுத்திருந்தது அம்மாவின் பெயர். சிறுநீரகச் சிகிச்சைக்கு அம்மா போகும் அதே ஆஸ்பத்திரி. ஒருமுறை வெட்டுப்பட்ட பெயரைப் பார்த்து இன்னொரு பெண்மணியும் எழுந்துவிட, ஊசி மாறவிருந்தது. இப்போது பெயர் இரண்டு வரியாக மடிந்து, கடைசி எழுத்துவரை நின்றது.

லிங்க்கை நீக்கும் கட்டளையைத் தட்டினாள். என்டரை அழுத்தக் கை எழவில்லை. இனி அவர் இங்கே எதை மாற்றினாலும் அங்கே தெரியாது. அழுத்தினாள். பேக்கேஜை ஏற்றும் இடத்தில் பதிப்பு எண் கேட்டது.

"முதல் முழுப் பதிப்புன்னு போட்டுடலாமாம்மா? அவருக்கு மரியாதையா இருக்கும்."

"வேணாம் அக்கா. அடுத்த சின்ன நம்பர் போதும். கொஞ்சம் பாக்கின்னுதான் சொல்வாரு."

மேலாளர் தன் கணினியில் அதை இறக்கி ஓட்டினார். அம்மாவின் பெயர் முழுசாக வந்தது.

மகள் கணினியை மூடி, சார்ஜர் வயரைச் சுற்றி, மேலாளரிடம் நீட்டினாள்.

"இனிமே அழிக்கலாம்."