பூட்டிய கேட்டுக்குள் பதினோரு பிள்ளைகளோடு

கர்த்தருக்குப் பிரியமானவர்களே, முன்னால் ஒரு பூட்டிய கேட், பின்னால் ஒரு பூட்டிய கேட், நடுவில் பதினோரு பிள்ளைகளோடு மாட்டிக்கொண்டு நின்றவள் நான். கேட்டைப் பூட்டியவர் வாட்ச்மேன். ஆனால் பிள்ளைகளை அதற்குள் கொண்டுபோய் நிறுத்தியது என் வீம்பு. இதை மறைத்துவிட்டு சாட்சி சொன்னால் அது சாட்சியே இல்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு டிசம்பர் சனிக்கிழமை. அப்போது நான் ஏற்காட்டில் ஒரு மிஷன் பள்ளியில் ஏழாம் வகுப்பு டீச்சர். கடல் கடந்த நாட்டில் பஞ்சத்தில் தவிக்கும் குழந்தைகளுக்கு உதவ எங்கள் பள்ளியில் நடைப்பயணம் வைத்தார்கள். பத்து மைல். ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு அட்டை. நடக்கும் மைலுக்கு இவ்வளவு தருகிறேன் என்று அக்கம்பக்கத்தார் அதில் எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு மைல் முடிந்ததும் கூடப்போகும் டீச்சர் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் ஜனங்கள் காசு கொடுப்பார்கள்.

முதலில் வந்து சேரும் வகுப்புக்கு ஒரு கோப்பை உண்டு. எனக்கு அந்தக் கோப்பை மேல் ஒரு கண். பஞ்சத்தில் வாடும் பிள்ளைகள் முகம் அன்று காலை ஜெபத்தில் நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு கோப்பைதான் நினைவில் இருந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன்.

தலைச்சோலை என்ற ஊர்ப் பக்கம் போய்த் திரும்பும்போது என் வகுப்புதான் கடைசி. ஸ்டெல்லா என்ற பிள்ளைக்கு இழுப்பு உண்டு. நாலு எட்டு வைத்தால் நின்று மூச்சு வாங்குவாள். அவளை அதட்டினேன். பிறகு ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, இன்னும் நடக்காத மூன்று மைலுக்கும் பதினோரு அட்டையிலும் கையெழுத்துப் போட்டேன்.

"டீச்சர், இன்னும் நடக்கலையே?" என்று ஸ்டெல்லா கேட்டாள்.

"குறுக்கால போறோம். எல்லாம் ஒண்ணுதான், வா" என்றேன்.

குறுக்குவழி ஒரு காபி எஸ்டேட் வழியாகப் போனது. அந்த எஸ்டேட்டில் என் அப்பா ரைட்டராக, அதாவது கணக்குப்பிள்ளையாக இருந்தவர். சின்ன வயதில் நான் ஓடி விளையாடிய பாதை. மேல் கேட்டில் நுழைந்து கீழ் கேட்டில் இறங்கினால் பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். நாங்கள் நுழையும்போது காபிப் பழம் பறிக்கும் பெண்கள் கூடையோடு வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறார்கள் என்று ரைட்டர் மகளுக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. சனிக்கிழமை சம்பள நாள். மத்தியானமே பழத்தை எடை போட்டுவிட்டு எல்லோரும் ஆபீசுக்குப் போய்விடுவார்கள். பழ சீசனில் திருட்டுக்குப் பயந்து உடனே இரண்டு கேட்டையும் பூட்டிவிடுவார்கள். என் அப்பாவே அந்தச் சாவிகளை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தவர்தான்!

கீழ் கேட்டுக்கு வந்தோம். பூட்டு தொங்கியது. கூப்பிட்டோம். ஆள் இல்லை. திரும்ப மேலே ஏறினோம். அங்கேயும் பூட்டு. கேட் என் உயரத்துக்கு மேல், உச்சியில் முள்கம்பி. சுற்றிலும் கம்பிவேலி, அதன்மேல் ஆள் நுழையாதபடி உண்ணிச்செடி முட்புதர்.

அப்புறம் பனி இறங்கியது. எங்கள் மலையில் பனி இறங்கினால் நாலடி தள்ளி நிற்பவர் முகம்கூடத் தெரியாது. பிள்ளைகளை ஒருவர் கையை ஒருவர் பிடிக்கச் சொன்னேன். காபிச் செடிகளுக்குள் எங்கேயோ காட்டெருமை செருமியது. பிள்ளைகள் என் புடவையைப் பிடித்துக்கொண்டார்கள். சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடவும் பயம், சும்மா நிற்கவும் பயம். ஸ்டெல்லாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. மருந்து அவள் வீட்டில் இருந்தது. நெஞ்சு கொர் கொர் என்றது. உதடு நிறம் மாறியது. அவளை மடியில் சாய்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். இந்தப் பிள்ளையை நான் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஜெபித்தேன். என்ன ஜெபம் தெரியுமா? "ஆண்டவரே, யாருக்கும் தெரியாமல் எங்களை வெளியே கொண்டுபோய் விடும்." மனதுக்குள் இதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். அந்த நிலையிலும் மானம்தான் பெரிதாக இருந்தது. வானம் வெண்கலம் மாதிரி அடைத்துக்கிடந்தது. ஒரு இலைகூட அசையவில்லை.

ஸ்டெல்லா மூச்சுக்கு நடுவே கேட்டாள். "டீச்சர்... நாம பொய்க் கையெழுத்து போட்டதாலயா?"

'நாம' என்றாள், பாருங்கள். போட்டது நான். அந்தப் பிள்ளை பாதிப் பாவத்தைத் தன் தலையில் எடுத்துக்கொண்டது. எனக்குள் என்னவோ உடைந்தது. பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்றுகூட எண்ணாமல் ஓவென்று அழுதேன். வாய்விட்டுக் கத்தினேன். "ஆண்டவரே, நான் திருடி! அடுத்தவன் தோட்டத்தில் திருட்டுத்தனமாக நுழைந்தேன். நடக்காத தூரத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். பசிக்கிற பிள்ளைகள் பேரைச் சொல்லி ஊரை ஏமாற்றப் பார்த்தேன். எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன். எனக்கு எந்தத் தண்டனையும் தாரும். இந்தப் பிள்ளையை மட்டும் விட்டுவிடும்!"

நான் ஆமென் சொல்லவில்லை. அதற்குள் பத்தடி தள்ளி ஒரு காபிச் செடி அசையும் சத்தம் கேட்டது. காட்டெருமைதான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏனுங்க டீச்சரம்மா, நீங்களும் திருட்டுத்தனமாத்தான் வந்தீங்களா?"

ஒரு பெண். முக்காடு போட்டுக்கொண்டு, கையில் ஒரு சாக்குப்பையோடு பனிக்குள்ளிருந்து கிட்டே வந்து நின்றாள். பெயர் சின்னப்பொண்ணு. பறிப்பு முடிந்த பிறகு செடிக்கடியில் உதிர்ந்து கிடக்கும் பழத்தை ரகசியமாகப் பொறுக்க வந்தவள். பிடிபட்டால் பழமும் போகும், வேலையும் போகும்.

"நொம்ப நேரமா இங்கதானுங்க குத்தவெச்சிருக்கறேன். ரைட்டரய்யா மகதானே, காட்டிக் குடுத்துருவீங்கன்னு பயந்துட்டு மூச்சே உடலைங்க. நீங்க அழுது சொன்னதுக்கப்புறந்தான் உசுரே வந்துச்சு. நாம எல்லாம் ஒரே கூட்டந்தானுங்க!"

அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். அவள் ஸ்டெல்லாவைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. சாக்குப்பையை அப்படியே கீழே போட்டாள். "ஏறு கண்ணு, பயப்படாத சாமி" என்று பிள்ளையை முதுகில் தூக்கிக்கொண்டாள். வேலிக்கு அடியில் ஓடை போகும் ஒரு பள்ளம் அவளுக்குத் தெரியும். அதன் வழியாகச் சேற்றில் ஒவ்வொருவராகத் தவழ்ந்து வெளியே வந்தோம். ரோட்டில் ஒரு ஜீப் நின்றது. ஸ்டெல்லாவை நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஊசி போட்டார்கள். மூச்சு சீரானது. இன்றைக்கு அவளுக்கு இரண்டு பிள்ளைகள்.

வழியில் சின்னப்பொண்ணு என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். "யாருக்காவ நடக்கறீங்க?" சொன்னேன். "அவ்வளவு தூரத்துலயும் பசிதானா சாமி" என்றாள். அவள் பை அன்று தோட்டத்திலேயே கிடந்தது. மறுபடி போய்ப் பார்த்தபோது இல்லையாம்.

அடுத்த வாரம் பள்ளிக் கூட்டத்தில் எழுந்து நின்று, எல்லோர் முன்னாலும் உள்ளதைச் சொன்னேன். சின்னப்பொண்ணு பேரை மட்டும் சொல்லவில்லை. அந்தக் கையெழுத்துகளை அடித்தேன். அந்தச் சனிக்கிழமை, ஸ்டெல்லாவை மட்டும் ஓய்வில் விட்டுவிட்டு, பாக்கி மூன்று மைலையும் ரோட்டு வழியாகவே நடந்தோம். சேதி கேள்விப்பட்டு டீக்கடை முக்கில் சின்னப்பொண்ணு நின்றிருந்தாள். "அந்தப் புள்ள அட்டைக்கு நான் நடக்கறேனுங்க" என்றாள். செருப்பில்லாமல் மூன்று மைலும் நடந்தாள். ஒவ்வொரு மைலுக்கும் நின்று நிதானமாகக் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் அதைவிட உண்மையான கையெழுத்தை நான் போட்டதில்லை. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அந்தத் தோட்டத்தில் அவள் இப்போது வேலை பார்க்கவில்லை.

அன்றிலிருந்து, யாருக்கும் தெரியாமல் காப்பாற்றும் என்று நான் ஜெபிப்பதில்லை. எனக்கு வேண்டிய உதவியைத் தேவன் தூரத்திலிருந்து அனுப்பவில்லை. நான் உண்மையைச் சொல்லும் வரைக்கும் அது பத்தடி தள்ளிச் செடிக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நீங்களும் இன்று ஏதோ ஒரு பூட்டிய கேட்டுக்குள் நிற்கலாம். மானத்தைப் பார்க்காதீர்கள். உள்ளதை உள்ளபடி, வாய்விட்டுச் சொல்லிக் கூப்பிடுங்கள். செடி அசையும்.