வீடியோ நிற்கும் இடம்

கல்யாண வீடியோ எடிட் செய்யும் இன்பமணிக்குக் கம்ப்யூட்டர் விற்பது பெரிய ரோதனை. விளம்பரத்தில் என்ன போட்டிருந்தாலும் நம்பமாட்டாள். பென் டிரைவைச் செருகி, எப்போதும் ஒரே வீடியோவைத்தான் ஓடவிடுவாள். திரேஸ்புரத்திலிருந்து கிளம்பும் படகு, சுற்றிலும் நுரைத்துத் தெறிக்கும் கடல். ஒவ்வொரு துளியும் தனித்தனியாக அசைவதால், எந்தக் கம்ப்யூட்டருக்கும் அதைச் சுருக்கிப் பதிவதும் விரித்துக் காட்டுவதும் பெரும்பாடு. படகில் நிற்கும் அவள் தம்பி ஸ்டெபின் திரும்பிச் சிரிக்கும் இடத்தில், அவளுடைய பழைய கம்ப்யூட்டர் திணறி நின்றுவிட்டுத்தான் மேலே ஓடும்.

ஸ்டெபின் பிறகு கப்பல் வேலைக்குப் போனான். அங்கே கடலில் விழுந்தவனின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

பழைய கம்ப்யூட்டர் செத்துப்போனதும், என் கடையில் இருந்ததையெல்லாம் அதே வீடியோவைப் போட்டுச் சோதித்தாள். ஒவ்வொன்றையும் வேண்டாம் என்றாள். எனக்குக் கோபம் ஏறியது. இருப்பதிலேயே வேகமானதை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். படகு கிளம்பியது, அலை தெறித்தது, ஸ்டெபின் சிரித்துவிட்டுப் போனான். எங்கேயும் திக்கவில்லை.

“இதுல என்னம்மா கொறை?” என்றேன்.

“நிக்க மாட்டேங்கானே, அண்ணாச்சி.”

“பாஸ் பட்டனை அமுக்கு, நிப்பான்.”

“நான் நிப்பாட்டுனா அது வெறும் போட்டோ. பழசுல அவனாத்தான் நிப்பான்.”

கம்ப்யூட்டரை வேகமாக்க எனக்குத் தெரியும். இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் முதலிலிருந்து மறுபடியும் ஓடவிட்டாள். இந்த முறையாவது நிற்காதா என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிற்கவில்லை.