உள்ளே வருவதும் வெளியே போவதும்

மருத்துவமனையில் அவளுக்கு வாசல்காரி என்று பெயர். எந்தக் கதவையும் அவள் திறந்து மூடியதில்லை. கட்டடத்தின் மொத்த இணையமும் கடந்துபோகிற ஃபயர்வாலைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதுதான் வேலை. திரையில் ஸ்கேன் அறைக்கு ஒரு வரைபடம், நோயாளிகளின் வீட்டார் பயன்படுத்தும் வைஃபைக்கு ஒரு வரைபடம். வைஃபையில் கூட்டம் ஏறினால் ஸ்கேன் படம் டாக்டருக்குப் போய்ச் சேராது. அப்போது அவளுக்கு ஈவு இரக்கமே கிடையாது, வேகத்தைக் குறைத்துவிடுவாள். "க்ளைமாக்ஸ்ல நிறுத்திட்டியே, பாவி!" என்று செல்போனில் சினிமா பார்க்கும் நர்சுகள் கிண்டல் செய்வார்கள்.

அந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தவறாமல் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வரைபடத்தில் 'உள்ளே' என்றால் ஃபயர்வாலுக்குள் வருவது, வார்டுக்குள் வருவது அல்ல. வார்டிலிருந்து ஒருவர் வெளியே அனுப்புவதுதான் வைஃபை பக்கத்தில் 'உள்ளே' என்று ஏறும். இதைத் தலைகீழாகப் படித்துவிட்டு முழிக்கிறவர்களை அவள் லேசில் விடமாட்டாள்.

அவளுடைய அப்பா அதே கட்டடத்தின் மேல்மாடி வார்டில் கிடந்தார். இனி வீடு திரும்பமாட்டார் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட தம்பிக்கு வர வழியில்லை. "கடைசி வரைக்கும் அப்பாவ பாத்துக்கிட்டே இருக்கணும்க்கா, போன்லயாவது" என்று கெஞ்சினான். அம்மா செல்போனைக் கட்டில் ஓரம் நிறுத்தி, வார்டு வைஃபையில் வீடியோவை அணைக்காமல் வைத்திருந்தாள். தான் அழுவதை அப்பா பார்த்துவிடக் கூடாதென்று தம்பி தன் பக்கத்து கேமராவை மூடியிருந்தான். மாற்று ஆள் கிடைக்காததால் வாசல்காரி மனசை மேலே விட்டுவிட்டுக் கீழே வேலைக்கு உட்கார்ந்திருந்தாள்.

பிற்பகலில் ஸ்கேன் அறையிலிருந்து போன் வந்தது. "படம் போகவே மாட்டேங்குது. ஆபரேஷன் தியேட்டர்ல டாக்டர் காத்துக்கிட்டிருக்காரு."

வைஃபையில் 'உள்ளே' கோடு உச்சியில் நின்றது. 'வெளியே' கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. தம்பிக்குப் போவது வெளியே போவதுதானே, அதில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று நினைத்தாள். எவனோ சினிமா இறக்குகிறான் என்று உள்ளே வருவதை இறுக்கிப் பிடித்தாள். ஸ்கேன் படம் போய்ச் சேர்ந்தது. நல்லவேளை, தம்பியின் பக்கத்தைத் தொடவில்லை என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

கொஞ்ச நேரத்தில் தம்பி இன்னொரு போனில் அவளை அழைத்தான்.

"அக்கா, அப்பா என்னையே பாக்குறாரு. இவ்வளவு நேரம் இப்படிப் பாத்ததே இல்ல. கண்ணக்கூட சிமிட்டல."

அவள் திரும்பி வரைபடத்தைப் பார்த்தாள். வார்டிலிருந்து கிளம்பிய அப்பாவின் முகமும், இன்னும் எத்தனையோ பேர் தங்கள் ஆட்களுக்கு அனுப்பிய முகங்களும்தான் அந்த 'உள்ளே' கோட்டில் ஏறியிருந்தன. தலைகீழாகப் படித்திருந்தாள். தம்பி பார்த்துக்கொண்டிருப்பது உறைந்துபோன படம். போட்ட தடையை எடுத்தாள்.

"ஆங், இப்ப படம் அசையுதுக்கா" என்றான் தம்பி. "அம்மா ஏன் அப்பா மேல விழுந்து அழறாங்க?"